துண்டுக்குள் சமாதானம்

துண்டுக்குள்ளே கை போனவுடன் சரவணமுத்துவின் கண் வானத்துக்குப் போய்விடும். கீழே, நாமக்கல் பக்கத்து மாட்டுச் சந்தைப் புழுதியில், ஓர் எருமையின் விலை நடந்துகொண்டிருக்கும். மேலே அவர் ஏதோ ஒரு காக்கையை, அது தம் பெரியப்பன் மகன் என்பதுபோலப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். தோளில் கிடந்த துண்டு இரண்டு கைகளை மூடியிருக்கும். ஒன்று விற்கிறவன் கை, மற்றது இவர் கை. ஒரு விரலை முழுதாகப் பிடித்தால் பத்து ரூபாய், மடக்கிப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிற நூறு பேருக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவன் முகம் மட்டும், கால்மேல் வண்டிச் சக்கரம் ஏறினதுபோல ஆகும். வாங்க வந்தவன் தாங்காமல், "என்னங்க சொல்றாரு?" என்று கேட்பான். காக்கையிடமிருந்து கண்ணை எடுக்காமலே இவர் சொல்வார்: "எல்லாம் நல்லதாத்தான் சொல்றாரு."

நல்லதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். "இந்த வெலைக்குக் குடுக்கறதுக்கு எருமையக் கெணத்துல தள்ளலாம்" என்பதைத்தான் விரலால் சொல்லியிருப்பான். ஆனால் விரலுக்கு வாய் இல்லை. அதுதான் சரவணமுத்துவின் பிழைப்பு.

ஆள் குள்ளம். காது பெரிது. ஒரு காதில் பாதி குடித்த சுருட்டு எப்போதும் செருகியிருக்கும். அது எந்த வருஷத்துச் சுருட்டு என்று அவருக்கே தெரியாது. எதைப் பார்த்தாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மாப்பிள்ளையின் தாடையை நிமிர்த்தி, "இன்னும் கடைவாய்ப் பல்லு மொளைக்கலையே, கொஞ்சம் எளசாட்ட இருக்குதுங்களே" என்று பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டார். பந்தியில் அவருக்கு இரண்டாம் முறை பாயசம் வரவில்லை.

இப்போது அவர் தோளில் கிடக்கிற துண்டு புதுசு, கண்ணைக் கூசுகிற வெள்ளை. போன பங்குனிவரை போட்டிருந்தது வேறு. அதுவும் எடப்பாடித் தறியில் வெள்ளையாகத்தான் பிறந்தது என்று அவர் மனைவி சாலம்மாள் சத்தியம் செய்வாள். பிறகு எருமையோடு பழகிப் பழகி எருமை நிறமே ஆகிவிட்டது. துவைத்தால் ராசி போய்விடும் என்று அவருக்குப் பயம். அதைக் குளத்தில் முக்கினால் மீன்களெல்லாம் கரையேறி, நடந்தே எருமப்பட்டிக்குப் போய்விடும் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அந்தத் துண்டின் கதைதான் இவருடைய கதை.

எருமைத் தரகு வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாளும் அவர் செய்தது சமாதானத் தரகு. வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டால், சம்பந்திகள் முகம் திருப்பிக்கொண்டால், இரண்டு ஊர் ஒரு குளத்து மீனுக்குக் கத்தி தூக்கினால், "துண்டுக்காரரக் கூப்புடுங்க" என்பார்கள். எருமைக்கு உள்ள அதே முறைதான். ஒருவனைத் தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் துண்டை விரிப்பார். ஒரு விரல் கொடுத்தால் பேசச் சம்மதம். இரண்டு கொடுத்தால் வெற்றிலை மாற்றச் சம்மதம். மூன்று விரல் என்றால் எதிரி வீட்டில் கை நனைக்கச் சம்மதம். பிறகு அடுத்தவனை வேறொரு புளியமரத்துக்குக் கூட்டிப்போவார்.

இதில் ஒரு வசதி பாருங்கள். எவனும் வாயால் இறங்கி வந்ததாக ஆகாது. நம் பக்கத்து ஆள்களுக்கு முதுகு ஒடிந்தாலும் வாய் வளையாது. விரல் கொஞ்சம் வளையும்.

இன்னொரு வசதியும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முதல் ஆள் ஒரு விரல்கூடக் கொடுக்காமல் கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாலும், இரண்டாவது ஆளிடம் போய், "அவரு மூணு வெரல் குடுத்துப்போட்டாருங்க. கண்ணுல தண்ணி வேற. நீங்க ஒரு ரெண்டாச்சும் குடுக்கலீன்னா நல்லாவா இருக்குது?" என்பார். அவன் உருகி இரண்டு கொடுப்பான். அதை எடுத்துக்கொண்டு முதல் ஆளிடம் திரும்பி வந்து இதே கண்ணீரை அங்கேயும் ஊற்றுவார். ஜேடர்பாளையம் பக்கத்தில் இரண்டு சகோதரர்கள் இப்படி ஒன்றுசேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "எந்தம்பிதான் அழுதுக்கிட்டு வந்தான்" என்று அண்ணனும், "எங்கண்ணந்தான் அழுதுக்கிட்டு வந்தாரு" என்று தம்பியும் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே தின்பண்டக் கடையில் சேர்ந்து வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைச் சரவணமுத்து யோசிப்பதில்லை. விற்ற எருமை உதைத்தால் தரகன் பொறுப்பில்லை என்பது சந்தைச் சட்டம்.

கூலி வாங்குவதில்லை. சமாதானம் ஆனதும் வெட்டுகிற கிடாயில் ஈரல் மட்டும் அவருக்கு வரவேண்டும். சில சமாதானங்கள் அந்த ஈரல் செரிக்கிறவரைக்கும் நிற்கும். சிலது கை கழுவுகிற இடத்திலேயே உடையும். அவர் அசர மாட்டார். "ரெண்டு பக்கமும் நாயந்தானுங்களே!" என்று தொடங்கி, மறுபடி புளியமரத்துக்கு நடப்பார். ஜெர்மனிக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போடுகிற சேதி வந்தபோது, "நடுவுல புளியமரமே இல்லீங்களா அந்த ஊர்ல?" என்று கவலையாகக் கேட்டார். கடல் இருக்கிறது என்று படித்தவர் ஒருவர் சொன்னதும், "அதான பாத்தேன்" என்று சமாதானமானார்.

இந்த வித்தை செல்லாத ஒரே இடம் அவர் வீடு. சாலம்மாளோடு சண்டை வந்தால் பழக்கதோஷத்தில் கை துண்டுக்குப் போகும். "அத எடுத்து அக்கட்டால போட்டுப்போட்டு மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்பாள். முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவர், உடனே தோற்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கருக்கம்பாளையம் சமாதானம். பேரைக் கெடுத்ததும் அதுவே.

கருக்கம்பாளையம் ஒரே ஊர்தான். நடுவில் மாரியம்மன் கோயில். வடக்கே இருக்கிற வீடுகள் வடக்கு வளவு, தெற்கே இருப்பவை தெற்கு வளவு. பங்குனியில் நோம்பி, அதாவது அம்மன் திருவிழா, சாட்டினால், மூன்று கவடாகக் கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து அம்மன் முன்னால் கம்பம் நடுவார்கள். அது அம்மனுக்குப் புருஷன் என்பது ஐதிகம். அதை வெட்டி வருகிற பெருமை ஒரு வருஷம் வடக்குக்கு, மறுவருஷம் தெற்குக்கு. நூறு வருஷமாக இது ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு வருஷம் ஊரில் காலரா வந்து நோம்பி நின்றுபோனது. அடுத்த வருஷம் கிளம்பியது சண்டை. நடக்காத நோம்பி ஒரு முறையாகச் சேருமா, சேராதா? சேரும் என்றது வடக்கு. சேராது என்றது தெற்கு. பூஜ்யத்தை எண்ணில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குப் பயந்து தீர்த்துக்கொள்கிற விஷயம். பிரம்பில்லாத பெரியவர்கள் ஆளுக்கொரு கம்பத்தை வெட்டிக்கொண்டு ஒரே குழிக்கு வந்து நின்றார்கள்.

உச்சிவெயிலில் கல் பறந்தது. வடக்கு வளவுச் சண்முகவேல் என்கிற முப்பது வயசு ஆள் நெற்றியில் அடிபட்டு விழுந்தான். மூன்றாம் நாள் செத்துப்போனான். மனைவி மாரக்காளுக்கு அப்போது இருபத்தைந்து வயசு. குழந்தை இல்லை.

போலீசு வந்தது. இருநூறு பேர் இருந்த இடத்தில் ஒருவனும் பார்க்கவில்லை. "ஒரே புழுதிங்க, கண்ணே தெரியலீங்க" என்றது வடக்கு. "புழுதிங்க எசமான்" என்றது தெற்கு. சேரும், சேராது என்று மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு வளவும் அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசின. அந்த ஒற்றுமையைப் புளியமரத்தடியில் விளைவித்தவர் சரவணமுத்து. வடக்கு வளவுப் பெரியதனக்காரர் மருதாசலம் ஒரு பக்கம், தெற்கு வளவுப் பெரியதனக்காரர் தண்டாயுதபாணி மறுபக்கம். போனது போச்சு, யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை, இனி நோம்பி வேண்டாம், ஒரு வளவார் இன்னொரு வளவில் நெருப்பு, தண்ணீர் வாங்குவதில்லை என்று தீர்ந்தது. செத்தவன் பெண்டாட்டிக்கு ஊர்ப் பொதுவில் ஓர் எருமை. எருமையை இவரே பல் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, கன்றோடு வாங்கிக் கொடுத்தார். நல்ல எருமை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்படிச் சண்டை செத்துப்போகாமல் படுத்துக் கிடந்தது எட்டு வருஷம். அதைச் சமாதானம் என்று சொல்லிக்கொண்டு அவர் ஈரல் சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் மழை தவறியதும் கருக்கம்பாளையத்துக்கு மாரியம்மன் ஞாபகம் வந்தது. நோம்பி சாட்டினால்தான் மழை என்றார்கள். துண்டுக்காரருக்கு ஆள் போனது. இரண்டு புளியமரம், ஆறு நடை, இரு பக்கத்துக்கும் கண்ணீர். கடைசியில் வடக்கு வளவு மரம் வெட்டுவது, தெற்கு வளவு குழி தோண்டுவது என்று முடிந்தது. எதிராளிதான் முதலில் இறங்கி வந்தான் என்று இரண்டு பெரியதனக்காரரும் மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கம்பம் நட்டதும் ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடம் தண்ணீர் அதற்கு ஊற்ற வேண்டும். ஓர் அடுப்பு தவறினாலும் கம்பம் நட்டதாகச் சேராது. கருக்கம்பாளையத்தில் தொண்ணூற்றொரு அடுப்பு. தொண்ணூற்றொன்றாவது மாரக்காளுடையது. அவள் ஊற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சரவணமுத்து போனபோது அவள் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக அந்த எருமையைக் கொல்லையில் கட்டாமல் கோயிலுக்குப் போகிற பாதையோரத்திலேதான் கட்டுகிறாள். போகிறவன் வருகிறவன் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"அம்மிணி, சௌக்கியமா?"

"வாங்கண்ணா. அவரு நல்லாருக்கறாருங்க" என்று எருமையைக் காட்டினாள். "இப்பத்தான் தட்டுத் தின்னாரு. நாளெல்லாம் அசை போடறாரு. அன்னிக்குக் கல்லு எறிஞ்சது ஆருன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டீங்கறாரு."

இப்படியே பேசித்தான் அவள் அந்த ஊரை எட்டு வருஷம் தலைகுனிய வைத்திருந்தாள். பாதையில் போகிற பெரிய மனுஷர்களுக்கு, "ஊர்க்காரங்க குடுத்த ஊட்டுக்காரருங்க. கும்புட்டுப்போட்டுப் போங்க" என்பாள். சிரித்தால் பாவம், சிரிக்காவிட்டால் குற்றம். பாதி ஆள்கள் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் நாயந்தான் அம்மிணி, ஆனாலும்..." என்று இவர் தொடங்கினார்.

"ரெண்டு பக்கம் எனக்கெதுக்குங்க? எனக்கு ஒரு பேரு போதும். கல்லு ஆரு கல்லு?"

"புழுதி அம்மிணி. அன்னிக்கு ஒரே..."

"எட்டு வருசமா அடங்காத புழுதி எந்த ஊர்லீங்கண்ணா இருக்குது?"

சரவணமுத்துவின் கை, அவரைக் கேட்காமலே, துண்டை உருவியது. மாரக்காள் அதைப் பார்த்தாள். எருமையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"அதுக்குள்ள கைய உட்டா நானும் அவுங்களாட்டவே பேசோணுமுங்க. எடுத்துத் தோள்ல போடுங்க."

"நீ ஒரு கொடம் ஊத்தலீன்னா நோம்பி நின்னுபோகும் அம்மிணி. மழையில்லாமச் சனம் சாகுது."

"சாவுன்னா என்னன்னு எனக்குத் தெரியுமுங்க. ஒரு பேரச் சொல்லுங்க. மறுகொடம் எம்பட கொடந்தான்."

அவருக்கு அந்தப் பேர் தெரியும். அதுதான் சங்கடம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் மருதாசலத்தின் கையைத் துண்டுக்குள் வாங்கி, "எத்தன வெரலுங்க?" என்றபோது அவர் ஒன்றும் கொடுக்கவில்லை, இரண்டும் கொடுக்கவில்லை. இவருடைய ஐந்து விரலையும் கூட்டிப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். கை வேர்த்திருந்தது. மழையில் நனைந்த கன்றுக்குட்டிபோல நடுங்கியது. அது எந்த விலைக்கும் குறி இல்லை. காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த சரவணமுத்து, முதல் தடவையாகக் கண்ணை இறக்கி எதிராளியின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல் தெற்கிலிருந்து வரவில்லை. செத்தவனுடைய சொந்த வளவிலிருந்து, அவனுடைய சொந்தச் சித்தப்பனான இந்த மருதாசலத்தின் கையிலிருந்து வந்தது. "ஒரு நல்ல எருமையாப் பாத்து வாங்கிக் குடுங்க" என்று மட்டும் மருதாசலம் சொன்னார்.

துண்டுக்குள் நடந்ததை வெளியே சொன்னவன் தரகனில்லை. அப்பனிடமிருந்து அவர் கற்ற ஒரே பாடம் அது. மாரக்காளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் களியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு பேர் கேட்ட கதையை அவர் வாயிலிருந்து பிடுங்கிய சாலம்மாள் கை வேலையை நிறுத்தினாள்.

"உங்களுக்கு ஆருன்னு தெரியுமுங்களா?"

இவர் கூரையைப் பார்த்தார். அங்கே காக்கை இல்லை.

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டா எட்டு வருசமா அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சௌக்கியமான்னு கேட்டீங்க?"

"துண்டுக்குள்ள நடந்தத நாஞ் சொல்லீட்டா, அப்பறம் எவன்டி எங்கிட்டக் கை குடுப்பான்?"

"எவனும் குடுக்க வேண்டாம். அவளுக்கு ஆரு குடுத்தாங்க?" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றினாள், மேலெல்லாம் தெறித்தது.

செவ்வாய்க்கிழமை கம்பம் நட்டார்கள். வடக்கு வளவு மரத்தைத் தூக்கி வந்தது. தெற்கு வளவு தோண்டிய குழி, வேண்டுமென்றே ஒரு சாண் ஆழம் குறைவாக இருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே சரிசெய்தார்கள். இரு வளவுப் பெண்களும் குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் பூசாரி ஆண்டி கையிலிருந்து ஒரு புளியங்கொட்டையைக் கீழே போட்டார். உச்சிப்பொழுதுக்கு அவர் கை விரிந்தது. உள்ளே ஒரு கொட்டை.

"வடக்கு வளவுல ஒண்ணு கம்மி" என்றார் தண்டாயுதபாணி. "உங்காளப்பா மருதாசலம். நீ இந்தளவுக்கு எறங்கி வந்தியேன்னுதான் நானும் போனாப் போகுதுன்னு ஒப்புக்கிட்டன்."

"ஆரு எறங்குனது?" என்றார் மருதாசலம். "மொதல்ல மூணு வெரல் குடுத்தது நீயி. கண்ணுல தண்ணி உட்டியாமே!"

"நானா? கண்ணுல தண்ணியா? எங்கப்பன் செத்தப்பவே நான் அழுவுல, உனக்கா அழுவேன்? நீதான் பொம்பளையாட்டத் தேம்பித் தேம்பி..."

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். இரண்டு தலையும் ஒரே சமயத்தில் திரும்பின.

"ஏனுங்க தரகரே?"

சரவணமுத்து வானத்தைப் பார்த்தார். எட்டு வருஷத்துக்குப் பிறகு சோறு போடுகிற ஊரில் காக்கைகளுக்கு வேறு வேலை இருந்தது, ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் இரண்டு பக்கத்து இளவட்டங்களும் குனிய ஆரம்பித்தார்கள். குனிந்தவன் எவனும் சாமி கும்பிடக் குனியவில்லை. தெருவில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பாதையோரத்தில், எருமையின் முதுகில் கை வைத்துக்கொண்டு, மாரக்காள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் துண்டை உருவினார். உடனே, எத்தனை வருஷத்துப் பழக்கமோ, அவ்வளவு கோபத்திலும் மருதாசலத்தின் கையும் தண்டாயுதபாணியின் கையும் துண்டுக்குள் நுழையத் தாமாகவே நீண்டன. துண்டு அந்தக் கைகளின்மேல் விழவில்லை. கம்பத்தடியில், தொண்ணூறு குடம் தண்ணீர் கொழகொழவென்று ஆக்கி வைத்திருந்த சேற்றில் விழுந்தது.

"அழுததெல்லாம் நானுங்க" என்றார் சரவணமுத்து. "ரெண்டு பேருக்கும் நானே அழுதேன். ஆரும் ஒரு வெரல் குடுக்கலீங்க."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான். ஏனென்றால் சரவணமுத்து, நீண்டிருந்த மருதாசலத்தின் கையைத் தம் கையால் பிடித்து, எல்லாரும் பார்க்கும்படி வெயிலில் தூக்கியிருந்தார். அது நடுங்குகிறது என்பது கடைசியில் நின்றவனுக்கும் தெரிந்தது.

"பெரியதனக்காரரே, இந்தக் கை அன்னிக்குத் துண்டுக்குள்ள எங்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. நாஞ் சொல்லமாட்டேன். சொல்றத உங்க வாய் சொல்லோணும்."

மருதாசலம் கையை இழுத்துப் பார்த்தார். எருமைத் தரகன் பிடித்த கை சுலபத்தில் வராது. கம்பத்தின் பக்கம் திரும்பினார். மீசை மட்டும் ஆடியது.

"கல்லு எம்பட கல்லுதானுங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "இந்தத் தண்டாயுதபாணி மண்டையத்தான் குறி வெச்சேன். சண்முகவேலு ஊடால உழுந்து, ரெண்டு கையவும் விரிச்சுக்கிட்டு, 'வேண்டாஞ் சித்தப்பா'ன்னான். கல்லு கைய உட்டுப் போயிருச்சு."

தண்டாயுதபாணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் பாத்தேன். எனக்கு வந்த கல்லு அது. அதச் சொன்னா எங்காளுக எறிஞ்சதும் வெளிய வரும். புழுதின்னுட்டன்."

குனிந்தவர்கள் நிமிரவில்லை. கையில் எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்கள்.

மாரக்காள் எருமையை அவிழ்த்தாள். ஒரு கையில் கயிறு, இடுப்பில் குடம். அழவில்லை. வேகமாகவும் வரவில்லை; எருமை எப்படி நடக்குமோ அப்படி வந்தாள். கூட்டம் இரண்டாக விலகியது. ஆனால் இந்தத் தடவை வடக்கு, தெற்கு என்று விலகவில்லை; அவரவர் நின்ற இடத்திலிருந்து விலகினார்கள். கயிற்றை மருதாசலத்தின் கையில், சரவணமுத்து பிடித்திருந்த அதே கையில், கொடுத்தாள்.

"நீங்களே கட்டிக்கோங்க மாமா. எட்டு வருசம் தட்டுப் போட்டேன். எம்பட ஊட்டுக்காரரு எருமையில்லீன்னு ஊருக்குத் தெரிஞ்சாச் செரி. சண்டையத் தடுக்கப் போயித்தான் செத்தாரு."

மருதாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மன்னிச்சுப்போட்டேன்னு ஆரும் நெனைக்க வேண்டாம்" என்றாள். "அது நாளைக்கு வருமோ, நாலு வருசங் கழிச்சு வருமோ, எனக்கே தெரியாது. மழை எல்லார்த்துக்கும் வேணுமுங்க."

குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் கம்பத்தின் மூன்று கவட்டிலும் இறங்கி, கீழே கிடந்த துண்டை இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் அழுத்தியது. பூசாரி ஆண்டியின் கையிலிருந்து கடைசிக் கொட்டை விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது.

அப்போது சரவணமுத்துவின் பக்கத்தில் நின்ற ஒருவன், சந்தைக்குத் தவறாமல் வருகிற ஆள், எருமையின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாக அவர் விலாவில் இடித்தான். "தரகரே, எருமை இன்னும் ரெண்டு ஈத்துத் தாங்குமாட்ட இருக்குதுங்களே. மருதாசலத்துகிட்டப் பேசி என்ன வெலைக்கு..."

சரவணமுத்துவின் கை வழக்கப்படி தோளுக்குப் போனது. வெறும் தோளை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, கேட்டவன் வாயைப் பொத்தியது.